கண்ணாடியை இறக்கிப் பாத்திருக்கலாமேம்மா

திருச்சியில் குடியிருந்துகொண்டு தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். காலையில் கிழக்கே போகிறோம், மாலையில் மேற்கே திரும்புகிறோம். இரண்டு வேளையும் சூரியன் முகத்துக்கு நேரே. துவாக்குடி, வாழவந்தான்கோட்டை டோல், செங்கிப்பட்டி, வல்லம் என்று நீளும் அந்த நாலுவழிச் சாலையில் நிழல் என்று பார்த்தால் மேம்பாலத்தின் நிழல்தான். பங்குனி பிறந்துவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

2018 மார்ச்சில் நாங்கள் ஒரு பழைய கார் வாங்கினோம். வெள்ளை நிறம், ஐந்து வருட வண்டி. அதன் நாலு கதவுக் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் கறுப்பு சன் ஃபிலிம் ஒட்டியிருந்தது. விற்றுக் கொடுத்த புரோக்கர் அதைத் தனியாகச் சொல்லித்தான் விலை பேசினார். "நல்ல ஃபிலிம் மேடம், புதுசா ஒட்டணும்னா செலவு இருக்கு" என்றார். எங்களுக்கும் அது கூடுதல் வசதியாகத்தான் பட்டது. அப்போது என் மகளுக்கு இரண்டு வயது. பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வருவாள், வெயில் மேலே படாது, அது போதும் என்று நினைத்தேன்.

அந்த ஃபிலிம் தந்த சுகத்தை நான் மறைக்கப் போவதில்லை. ஏசி போட்ட ஐந்தாவது நிமிடத்தில் உள்ளே குளிர்ந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டியிலிருந்து யாரும் உற்றுப் பார்க்க முடியாது. தனியாக ஓட்டிக்கொண்டு வரும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை ஓட்டிப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவு எட்டு மணிக்கு வல்லம் தாண்டும்போது, உள்ளே இருப்பது ஒரு பெண், அதுவும் தனியாக, என்பது வெளியே தெரியாமல் இருப்பது நல்லது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அந்த வருடம் ஜூலையில் வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. அந்த எஸ்.ஐ. கண்ணாடியில் விரலால் தட்டி, "இது கூடாது மேடம், சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு" என்றார். வாங்கும்போதே இருந்தது, பெயர் மாற்றும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று வாதாடினேன். பின்னால் ஒரு பெரிய வண்டி கறுப்புக் கண்ணாடியும் கொடியுமாகப் போனது. அதை யாரும் நிறுத்தவில்லை. அதையும் சொன்னேன். அவர் பொறுமையாகவே கேட்டுக்கொண்டார். நூறு ரூபாய் அபராதம், ரசீது. "எடுத்துருங்க மேடம்" என்று சொல்லி அனுப்பினார். நான் எடுக்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை நூறு ரூபாய் போனால் போகட்டும் என்று கணக்குப் போட்டேன். இன்று அப்படிக் கணக்குப் போட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவில் முதல் முறைக்கு 500, அடுத்தடுத்து 1500 என்று 2019 திருத்தத்தில் உயர்த்திவிட்டார்கள். தமிழ்நாட்டில் உயர்த்திய அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

அதே வருடம் ஐப்பசி. அடைமழை பிடித்திருந்த வாரம். மாலை ஆறரை இருக்கும், செங்கிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குள் தோழியின் அம்மாவைப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த ஊர்ச் சாலை மெயின் ரோட்டைத் தொடும் இடத்தில் விளக்கு இல்லை. தூறல். முன் கண்ணாடியில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது, முன்னால் எல்லாம் தெரிந்தது. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை என்றுதான் என் கண் சொன்னது. கிளட்சை விட்டேன்.

வலது பக்கம் ஏதோ உரசும் சத்தம். பிரேக்கை மிதித்தேன். ஒரு டிவிஎஸ் ஃபிப்டி கீழே கிடந்தது, பின்னால் கட்டியிருந்த புல்லுக்கட்டு சரிந்து ரோட்டில் பரவியிருந்தது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒருவர் சேற்றில் கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். அவர் வண்டியின் முன்விளக்கு மங்கலாக எரிந்துகொண்டுதான் இருந்தது. அது என் கண்ணுக்குத் தெரியவில்லை. மழைத்துளி படர்ந்த கறுப்புக் கண்ணாடியில், உள்ளே டாஷ்போர்டு வெளிச்சம் பிரதிபலித்துக்கொண்டிருக்க, அந்த மங்கல் விளக்கும் ஒரு துளியாகத்தான் தெரிந்திருக்கும்.

இறங்கி ஓடினேன். முழங்கையில் சிராய்ப்பு, வேறு அடி இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். வண்டியை நிமிர்த்தி, புல்லை அள்ளிக் கட்ட நானும் உதவினேன். அவர் கோபப்படவில்லை. என் காரின் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ என்னயப் பாத்துட்டன்னு நெனச்சுதாம்மா வந்தேன். உள்ள யாரு இருக்கா, எங்க பாக்குறான்னு ஒண்ணும் தெரியல. கண்ணாடியை இறக்கிப் பாத்திருக்கலாமேம்மா."

இது நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். எனக்கு அவர் தெரியவில்லை என்பது ஒரு பாதி. அவருக்கு நான் தெரியவில்லை என்பது மறு பாதி. நம் ஊரில் ரோட்டைக் கடக்கிறவர்கள், மாட்டை ஓட்டி வருகிறவர்கள், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லோரும் டிரைவரின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். லேசாகத் தலையை ஆட்டுகிறோம், கையை அசைக்கிறோம், போ என்கிறோம். சிக்னல் இல்லாத ஆயிரம் சந்திப்புகள் இந்தக் கண்ஜாடையில்தான் ஓடுகின்றன. கறுப்புக் கண்ணாடி அதை மொத்தமாக மூடிவிடுகிறது.

அடுத்த நாள் மாலை வீட்டு வாசலில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். இருட்டத் தொடங்கியதும் காரைத் தெருவோரம் நிறுத்தி, நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்காரர் கருநீலச் சட்டையோடு பத்தடி தள்ளி வலது பக்கம் நின்றார். கண்ணாடி மேலே ஏறியிருக்கும்போது சட்டை தெரியவில்லை, முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியை இறக்கியதும் சட்டைப் பையில் இருந்த பேனாவே தெரிந்தது. கதவுக்கு வெளியே இருக்கும் சைடு மிரரையும் நாம் அந்தக் கறுப்பு வழியாகத்தான் பார்க்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னும் மோசம்.

பகலில் இது எதுவும் தெரியாது. வெளியே அவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது அதில் கால்வாசி உள்ளே வந்தாலே கண்ணுக்குப் போதும். அதனால்தான் கடையில் ஒட்டிப் பார்க்கும்போது எல்லோரும் "உள்ளேயிருந்து நல்லா தெரியுதே" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். கடைக்குப் பகலில்தானே போகிறோம்.

அந்த வாரமே ஃபிலிமை எடுக்கக் கொடுத்தேன். இதில் கற்றுக்கொண்டது கொஞ்சம் இருக்கிறது. முதலில் போன கடையில் பையன் பிளேடை எடுத்துக்கொண்டு பின் கண்ணாடிக்குப் போனான். தடுத்துவிட்டேன். பின் கண்ணாடியில் படுக்கைவாட்டில் மெல்லிய கோடுகள் ஓடும், பனியையும் ஆவியையும் போக்கச் சூடேறும் கம்பிகள் அவை. அவற்றில் பிளேடு பட்டு ஒரு கோடு அறுந்தாலும் அந்த இடம் அதன்பின் வேலை செய்யாது. இரண்டாவது கடையில் இருந்தவர் விவரமானவர். "அக்கா, அவசரப்படாதீங்க, சூடு காட்டித்தான் எடுக்கணும்" என்று சொல்லி, சூட்டுக்காற்று அடித்துப் பசையை இளக்கி, மூலையிலிருந்து கோடுகள் போகிற திசையிலேயே மெதுவாக உரித்தார். மிஞ்சிய பசையைச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தார். அரை நாள் ஆனது. வீட்டில் செய்வதானால் ஹேர் டிரையரும் சோப்புத் தண்ணீரும் பொறுமையும் போதும், கதவுக் கண்ணாடிகளை மட்டும் செய்யுங்கள், பின் கண்ணாடியைத் தெரிந்தவர் கையில் விடுங்கள். உரித்த ஃபிலிமை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தபோது அது கறுப்பாகவே இல்லை, ஊதா. சாயம் ஏற்றிய மலிவு ஃபிலிம் வெயிலில் நிறம் மாறிவிடும் என்றார் அவர். புரோக்கர் தனி விலை பேசிய பொருள் அது.

அப்புறம் கோடை வந்தது. 2019 சித்திரையில் அந்த ரோட்டில் ஃபிலிம் இல்லாமல் ஓட்டியது கஷ்டமாகத்தான் இருந்தது. வலது கை மட்டும் கறுத்தது. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அந்தப் படலம் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். கதவுக் கண்ணாடி பெரும்பாலான கார்களில் சூடேற்றி உறுதிப்படுத்திய ஒற்றைக் கண்ணாடிதான். அதன் வழியே தோலைக் கறுக்கவைக்கும் கதிர் கணிசமாக உள்ளே வரும். இரண்டு சக்கர வண்டி ஓட்டும் பெண்கள் போடுகிற பருத்திக் கையுறையைத்தான் நானும் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். என் கைக்கு அது போதுமான பாதுகாப்பாக இருந்தது.

ஏசி போதவில்லை என்று தோன்றியது. ஃபிலிமை எடுத்ததால்தான் என்று முதலில் நினைத்தேன். மெக்கானிக் திறந்து பார்த்தபோது கண்டென்சரில் தூசி அடைத்திருந்தது, கேபின் ஃபில்டர் மண்ணாகவே இருந்தது. சுத்தம் செய்ததும் பழைய குளிர்ச்சியில் முக்கால்வாசி திரும்பிவிட்டது. ஏசி பலவீனமாக இருந்ததை அந்தக் கறுப்பு இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது. ஃபிலிம் ஒட்டலாமா என்று யோசிக்கிறவர்கள் அந்தப் பணத்தில் கொஞ்சத்தை முதலில் ஏசி சர்வீசுக்குச் செலவழித்துப் பாருங்கள்.

மற்றவை சின்னச் சின்னப் பழக்கங்கள். நிறுத்தியிருக்கும்போது முன் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளிநிற அட்டையை விரித்து வைப்பது. வண்டியை எடுத்ததும் நாலு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி, உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்றிய பிறகு ஏசி போடுவது. ஏசி குளிர்ந்ததும் வெளிக்காற்றை மூடி உள்காற்றைச் சுழலவிடுவது. நிழல் தேடி நூறு அடி தள்ளி நிறுத்தி நடந்து வருவது.

குழந்தையை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்பதையும் அந்த ரோடு எனக்குக் கற்றுக்கொடுத்தது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மாலையில் மேற்கே வரும்போது அது இடது பக்கம் அடிக்கும், அதனால் மகளை வலது பக்கம் வைப்பேன். ஆனி மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், அப்போது மாலை வெயில் வலது பக்கம், மகள் இடது பக்கம். எந்தச் செலவும் இல்லாத வேலை இது. உங்கள் பாதை வடக்கு தெற்காக ஓடினால் இன்னும் சுலபம், காலையில் வெயில் கிழக்குப் பக்கம், மாலையில் மேற்குப் பக்கம், குழந்தை அதற்கு எதிர்ப்பக்கம், அவ்வளவுதான்.

சட்டம் என்னதான் சொல்கிறது என்று அதன்பிறகு தேடிப் படித்தேன். அந்த எஸ்.ஐ. சொன்னது சரிதான், ஆனால் விஷயம் அவர் சொன்னதைவிடப் பெரியது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி கண்ணாடியைப் பற்றியது. முன், பின் கண்ணாடிகள் வழியே குறைந்தது 70 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும், பக்கக் கண்ணாடிகள் வழியே குறைந்தது 50 சதவீதம். இருபது வருடத்துக்கும் மேல் இந்த விதி இருந்தது, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 70, 50 என்ற எண்ணுக்குள் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர்கள் கையோடு சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள்.

2012 ஏப்ரல் 27 அன்று, தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா, நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், ஸ்வதந்தர் குமார் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு ஒரு பொதுநல வழக்கில் தீர்ப்பு சொன்னது. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கார்கள் கடத்தல், கொள்ளை, பாலியல் வன்முறை போன்ற குற்றங்களுக்கு வசதியாகிவிட்டன என்பது வழக்கின் அடிப்படை. நீதிமன்றம் விதியை எழுத்துப்படி படித்தது. 70, 50 என்பது தயாரிப்பிலேயே கண்ணாடிக்கு இருக்க வேண்டிய தன்மை, அதன்மேல் பிறகு எந்தப் பொருளையும் ஒட்ட விதியில் இடமில்லை, ஃபிலிமின் சதவீதம் எவ்வளவாக இருந்தாலும் சரி. அந்த மே 4 முதல் நாடு முழுக்கத் தடை. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. ஃபிலிம் தயாரிப்பாளர்கள் திரும்பப் போனார்கள், ஆகஸ்ட் 3 அன்று நீதிமன்றம் தன் நிலையிலேயே நின்றது.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு விதமாகவும் தோன்றியது. இருட்டுக் கண்ணாடியைத் தடுத்தது முழுக்கச் சரி. அதே வருடம் டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் நிர்பயா என்று நாம் அழைக்கும் அந்த மாணவிக்கு நடந்ததை எந்தப் பெண்ணும் மறக்கவில்லை. அந்தப் பேருந்தின் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிமும் திரையும் இருந்தன. உள்ளே நடப்பது வெளியே தெரியாமல் நகருக்குள் அது சுற்றிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி எனக்குப் பாதுகாப்பு என்று நம்பியிருந்தேனே, அந்தத் திரை யாரை யாரிடமிருந்து மறைக்கும் என்பது என் கையில் இல்லை என்று அப்போது புரிந்தது. ஆனால் நிறமே இல்லாத, வெப்பத்தை மட்டும் தடுக்கிற ஃபிலிமையும் இதோடு சேர்த்துத் தடுக்க வேண்டியிருந்ததா என்பதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை.

ஏனென்றால் வெளிச்சம் வேறு, வெப்பம் வேறு. கண்ணாடி வழியே வரும் வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கறுப்புச் சாயம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத்தான் முக்கியமாக விழுங்கும், விழுங்கிய சூட்டில் ஒரு பங்கைக் கண்ணாடி வழியாக உள்ளேயே விடும். இருட்டாக இருந்தால் குளிர்ச்சி என்று நம் மனது சொல்வதில் பாதிதான் உண்மை. செராமிக் வகை ஃபிலிம்கள் பார்க்கத் தெளிவாக இருந்துகொண்டே அகச்சிவப்பைக் கணிசமாக நிறுத்தும். உலோகம் கலந்த ஃபிலிமும் வெப்பத்தைத் தடுக்கும், ஆனால் ஜிபிஎஸ், மொபைல் சிக்னல் எல்லாவற்றையும் தொந்தரவு செய்யும். முன் கண்ணாடியில் அதை ஒட்டினால் ஃபாஸ்டேக் படிக்காமல் டோலில் நிற்க வேண்டியிருக்கும்.

கடையில் ஏமாறுகிற இடம் கணக்கு. "இது 50 சதவீத ஃபிலிம், சட்டப்படி ஓகே" என்பார்கள். ஃபிலிம் 50 என்பது ஃபிலிமுக்கு மட்டும். காரின் கண்ணாடியே லேசான பச்சையோடுதான் வருகிறது, அது வெளிச்சத்தில் ஒரு பங்கை ஏற்கெனவே நிறுத்திவிடும். கண்ணாடி 75 சதவீதம் விடுகிறது என்று வையுங்கள். அதன்மேல் 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால் உள்ளே வருவது 75-இல் பாதி, 37.5 மட்டுமே. பக்கக் கண்ணாடிக்கு வேண்டிய 50-க்கு மிகக் கீழே. 70 சதவீத ஃபிலிம் ஒட்டினாலும் 52.5 தான் வரும், மயிரிழையில் தப்பும். முன் கண்ணாடியில் அதே 70 சதவீத ஃபிலிமை ஒட்டினால் 52.5, வேண்டியதோ 70. தோல்விதான். சர்டிபிகேட்டில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். வெளிச்சம் எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளக்கும் மீட்டரைக் கண்ணாடியோடு வைத்து, ஃபிலிமும் கண்ணாடியும் சேர்ந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் இந்தப் பேச்சு வந்தால் மதிய உணவு நேரம் போதாது. என்னைவிட இளைய தோழி ஒருத்திக்குக் கைக்குழந்தை இருந்தது. "அக்கா, வழியில பால் குடுக்கணும்னா நான் எங்க போறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு தாய்க்கு ஒதுங்க இடம் இல்லை என்பது கண்ணாடியால் தீர்க்க வேண்டிய பிரச்சினை இல்லை, ஆனால் அவள் இன்றைக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறதே. நான் செய்ததைச் சொன்னேன். வண்டியை வெளிச்சமும் ஆளும் இருக்கிற பெட்ரோல் பங்கிலோ ஓட்டலிலோ நிறுத்துவேன். பின் சீட்டுக்குப் போய், உறிஞ்சுபிடியில் ஒட்டிக்கொள்ளும் வலைத் திரையைப் போட்டுக்கொள்வேன், கிளம்பும்போது கழற்றிவிடுவேன். அந்தத் திரையை ஓடும் வண்டியில் விட்டு வைக்கக் கூடாது. பின்னால் திரும்பிப் பார்க்கும் ஓட்டுநருக்கு அதுவும் ஒரு ஃபிலிம்தான். அதற்கும் அபராதம் உண்டு. கேரளத்தில் 2021 ஜனவரியில் 'ஆபரேஷன் ஸ்கிரீன்' என்று பெயர் வைத்தே ஃபிலிமோடு சேர்த்து இந்தத் திரைகளுக்கும் அபராதம் போட்டார்கள், அரசு வண்டிகளுக்கும் விலக்கு இல்லை என்றார்கள்.

இன்னொருவர், என்னைவிட மூத்தவர், நேராகக் கேட்டார்: "கொடி கட்டின வண்டிக்குக் கறுப்பு இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் சட்டம்?" அந்தக் கோபம் எனக்கும் இருந்தது, இன்னும் இருக்கிறது. விலக்கு யாருக்கு என்று தீர்ப்பில் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் கறுப்போடு போவதும், அவர்களை நிறுத்தாமல் சின்னக் காரை நிறுத்துவதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. சோதனை செய்கிறவர் கையில் ஒரு மீட்டரைக் கொடுத்து, எந்தக் கார் என்று பார்க்காமல் எண்ணைப் பார்த்து அபராதம் போட்டால் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும். என்னை நிறுத்திய எந்தச் சோதனையிலும் மீட்டரை நான் பார்த்ததில்லை. கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அப்படியானால் சரியான ஃபிலிம் ஒட்டியவரும் அடர்கறுப்பு ஒட்டியவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். ஆனால், யாரோ செய்கிறார்கள் என்பதற்காக என் வண்டியில் அதை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. செங்கிப்பட்டியில் சேற்றில் கையை ஊன்றியவர் கொடி கட்டின வண்டியால் விழவில்லை.

பிறகு 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பாலக்காட்டைச் சேர்ந்த தோழி ஒருத்தி அன்றைக்கே கூப்பிட்டுச் சொன்னாள். மத்திய விதியில் ஏற்கெனவே ஒரு மாற்றம் நடந்திருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் 100-ஆவது விதியில் பாதுகாப்புக் கண்ணாடியோடு, உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 2553-இன் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி. உச்ச நீதிமன்றம் 2012-இல் பார்த்தது பழைய விதியை, இன்றைய விதி வேறு, எனவே முன்னும் பின்னும் 70, பக்கங்களில் 50 என்ற அளவுக்குள் படலம் ஒட்டியவரை அபராதம் போட்டுத் துன்புறுத்தக் கூடாது என்று நீதிபதி நாகரேஷ் சொன்னார். தயாரிப்பாளர் மட்டும்தான் ஒட்டலாம், உரிமையாளர் ஒட்டக் கூடாது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை.

அதைக் கேட்டதும் திருச்சியில் ஃபிலிம் கடைகளில் "இனி எல்லாம் அலவுடு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் இல்லை. அளவு மாறவில்லை, 70, 50 அப்படியே இருக்கிறது. கறுப்பு இன்றும் குற்றம்தான். அடுத்தது, கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை இங்கே வாதத்துக்கு எடுத்துக்காட்டலாம், ஆனால் அது தமிழ்நாட்டில் சோதனையில் நிற்கிற காவலரைக் கட்டுப்படுத்தாது. அவரிடம் தாளைக் காட்டினால் "கோர்ட்ல போய்ச் சொல்லுங்க" என்பார், அவர் அப்படிச் சொல்வதிலும் தப்பில்லை. ஐநூறு ரூபாய்க்காகக் கோர்ட்டுக்கு அலைய முடிகிறவர்கள் துணிந்து ஒட்டலாம். நான் அலைய மாட்டேன்.

போன வருடம் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுத்தோம். ஷோரூமில் அக்சஸரீஸ் பட்டியலில் மேட், சீட் கவரோடு சன் ஃபிலிமும் சேர்ந்தே இருந்தது. சதவீதம் எவ்வளவு என்று கேட்டேன், அந்தப் பையனுக்குத் தெரியவில்லை, "எல்லாரும் போடுறதுதான் மேடம்" என்றான். பட்டியலிலிருந்து அதை அடிக்கச் சொல்லி, பில்லிலும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். டெலிவரி எடுக்கும்போது கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் முத்திரையைக் குனிந்து படித்தேன், ஐஎஸ் 2553 என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. பழைய கார் வாங்குகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை இது. ஒன்றில் மட்டும் முத்திரை இல்லை அல்லது வேறு மாதிரி இருக்கிறது என்றால் அந்தக் கண்ணாடி பிறகு மாற்றியது, ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும்.

பழைய காரை விற்ற புரோக்கரின் கடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. போகும்போது பார்க்கிறேன், வரிசையாக நிற்கும் வண்டிகளில் பாதிக்குக் கறுப்பு. மகளுக்கு இப்போது படிக்கத் தெரியும், எண்ணவும் தெரியும். ஊர்ச் சாலையிலிருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்புகிற இடத்தில் நான் வலது கண்ணாடியை இறக்கும்போது, சொல்லாமலே அவளும் பின்னால் தன் பக்கத்தை இறக்கி, "இந்தப் பக்கம் ஒரு சைக்கிள் வருதும்மா, நில்லு" என்கிறாள்.